மடோகா மாஜிகா: இறுதி வேண்டுதல் கதைக்குள் விளைந்ததா, வெளியிலிருந்து வந்ததா?

வெண்கொக்கு எழுதியது:

‘புவெல்லா மாகி மடோகா மாஜிகா’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 12 அத்தியாயங்களையும் பார்த்து முடித்தவர்களிடம் கேட்கும் கேள்வி இது. கதையின் முடிவு வரை எதையும் மறைக்காமல் பேசப் போகிறேன் என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிப்பது நல்லது.

2011ஆம் ஆண்டு ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய இத்தொடரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 3ஆம் அத்தியாயத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. இனித் தனக்கொரு துணை உண்டு என்று மூத்த மாயச் சிறுமியான மாமி தொமோயே மகிழ்ந்த சில நிமிடங்களுக்குள்ளேயே கொல்லப்படுவது எவரையும் உலுக்கும் காட்சிதான். ஆனால் என்னை உறுத்துவது அந்த மரணமன்று. 12ஆம் அத்தியாயத்தில் நாயகி மடோகா கேட்கும் வேண்டுதல்.

கதாசிரியர் கென் உரோபுச்சி முதல் 11 அத்தியாயங்களில் மிகக் கறாரான ஓர் உலகத்தைக் கட்டுகிறார். கியூபே என்னும் வெள்ளைப் பிராணி ஒரு சிறுமியின் வேண்டுதலை நிறைவேற்றித் தருகிறது; அதற்குப் பதிலாக அவள் மாயச் சிறுமியாகிச் சூனியக்காரிகளோடு போரிட ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட கணத்தில் அவளுடைய ஆன்மா உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஒரு சிறு கல்லுக்குள் அடைக்கப்படுகிறது என்பதும், அந்தக் கல் முழுவதும் கறுத்துப்போனால் அவளே சூனியக்காரியாகிவிடுவாள் என்பதும், நம்பிக்கை துயரமாகப் புரளும் அந்த நொடியில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு பிரபஞ்சம் இழந்துவரும் ஆற்றலை ஈடுகட்டுவதே கியூபேயின் இனத்தாருடைய நோக்கம் என்பதும் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. எவ்வளவு நம்பிக்கை விதைக்கப்படுகிறதோ அவ்வளவு துயரம் அறுவடையாகும் என்பதே அந்த உலகத்தின் சட்டம். மடோகாவின் தோழி சயாகா அந்தச் சட்டத்தால் நசுங்குகிறாள். இன்னொரு மாயச் சிறுமியான கியோகோ அவளோடு சேர்ந்து மடிகிறாள். மடோகாவைக் காப்பாற்ற முயலும் ஹோமுரா காலத்தை எத்தனை முறை பின்னோக்கித் திருப்பினாலும் அதை வளைக்க முடிவதில்லை.

இப்படியிருக்க, கடைசி அத்தியாயத்தில் மடோகா ஒரே ஒரு வேண்டுதலைக் கேட்கிறாள். கடந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் தோன்றும் சூனியக்காரிகள் அனைவரையும், அவர்கள் பிறப்பதற்கு முன்பே தன் கைகளால் இல்லாமல் ஆக்க வேண்டும் என்கிறாள், அதுவும் நிறைவேறிவிடுகிறது. கதவே இல்லாத சிறையைக் கட்டிவிட்டு, கடைசி நாளில் சுவரில் ஒரு கதவை வரைந்து வெளியேறியதைப் போல இது எனக்குத் தோன்றுகிறது. வேண்டுதலுக்கு எல்லையே இல்லையென்றால், அதற்குமுன் வாழ்ந்து மடிந்த எண்ணற்ற மாயச் சிறுமியரில் ஒருத்திகூடவா இதைக் கேட்க நினைக்கவில்லை? எல்லை உண்டென்றால் மடோகாவுக்கு மட்டும் ஏன் அது பொருந்தவில்லை?

முடிவு இவ்வளவு எளிதாகக் கிடைக்கக்கூடியதுதான் என்றால், சயாகாவை அத்தனை அத்தியாயங்கள் வதைத்ததற்கு என்ன தேவை இருந்தது என்பதும் என் கேள்வியின் ஒரு பகுதி. இசையும் ஓவியமும் சிறப்பாக இருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் கேட்பது கதையின் நேர்மையைப் பற்றி.


கணக்குப்பிள்ளை எழுதியது:

வேண்டுதலுக்கு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொடர் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கேட்பவளிடம் எவ்வளவு ஆற்றல் உறைந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் வேண்டுதல் நிறைவேறும். அந்த ஆற்றலின் அளவு, அவளுடைய வாழ்வின்மீது எத்தனை விதியின் இழைகள் வந்து முடிச்சிடுகின்றன என்பதைப் பொறுத்தது. ஒரு நாட்டின் அரசிக்கோ ஒரு மக்களை வழிநடத்தும் தலைவிக்கோ அது மிகுதியாக இருப்பது இயல்பு. எளிய குடும்பத்தில் பிறந்த ஒரு பள்ளிச் சிறுமிக்கு இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று கியூபேயே வியக்கிறது. அதற்கான விடையை 11ஆம் அத்தியாயத்தில் அது ஹோமுராவிடம் சொல்கிறது. ஹோமுரா காலத்தைத் திருப்பிய ஒவ்வொரு முறையும், கைவிடப்பட்ட அந்தக் காலவரிசையின் விதி இழைகள் எல்லாம் மடோகா என்ற ஒரே புள்ளியில் வந்து சுற்றிக்கொண்டன. மடோகாவைக் காப்பாற்றுவதற்காக ஹோமுரா செய்த ஒவ்வொரு முயற்சியும் அவளைக் கியூபேக்கு இன்னும் விலைமதிப்புள்ள இரையாக மாற்றியிருக்கிறது.

இது விளக்கமாகச் சொல்லப்படுவதற்கு முன்பே 10ஆம் அத்தியாயத்தில் காட்சிகளாகக் காட்டப்பட்டுவிட்டது என்பதுதான் உரோபுச்சியின் கைத்திறன். அந்த அத்தியாயத்தை மீண்டும் கவனித்துப் பாருங்கள். முதல் காலவரிசையில் வால்புர்கிஸ்நாஹ்ட் என்னும் பெருஞ்சூனியக்காரியை எதிர்க்கப் போகும் மடோகா தன் உயிரையே கொடுக்க வேண்டியிருக்கிறது. பின்னர் வரும் காலவரிசை ஒன்றில் அதே சூனியக்காரியை ஒரே அம்பில் வீழ்த்திவிட்டு, அடுத்த கணமே அதைவிடக் கொடிய சூனியக்காரியாக மாறுகிறாள். உலகம் அழியப்போகிறது என்பதைப் பொருட்படுத்தாமல், தனக்கு வேண்டிய ஆற்றல் கிடைத்துவிட்டது என்று கியூபே ஒதுங்கிக்கொள்கிறது. அப்போது அதை நாம் ஹோமுராவின் துயரமாக மட்டுமே பார்த்துக் கடந்துவிடுகிறோம். மடோகா ஒவ்வொரு முறையும் வலிமை கூடிக்கொண்டே வருகிறாள் என்ற செய்தி நம் கண்முன்னே இருக்கிறது. அதற்குக் காரணம் கேட்கத்தான் நமக்குத் தோன்றுவதில்லை. எனவே நீங்கள் சொல்லும் கதவு கடைசி நாளில் வரையப்பட்டதன்று. ஹோமுரா தோற்றுத் தோற்றுத் தன்னையறியாமல் குடைந்த வழி அது.

வேறு எவளும் ஏன் கேட்கவில்லை என்பதற்கு இன்னொரு விடையும் உண்டு: வேறு எவளுக்கும் கேட்பதற்கு முன் உண்மை தெரிந்திருக்கவில்லை. கியூபே பொய் சொல்வதில்லை; கேட்கப்படாததைச் சொல்வதுமில்லை. மாமியும் சயாகாவும் கியோகோவும் கையெழுத்திட்ட பிறகுதான் பத்திரத்தைப் படிக்கிறார்கள். மடோகா மட்டுமே எல்லாவற்றையும் பார்த்து, கேட்டு, அறிந்த பிறகு வேண்டுகிறாள். 11 அத்தியாயங்கள் அவள் எதுவும் செய்யாமல் நிற்கிறாள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்த நிற்றல்தான் அவளுடைய படிப்பு. 3ஆம் அத்தியாயத்தில் அவளுக்கு வேண்டுவதற்கு எதுவுமே இல்லை. யாருக்கும் பயன்படாத தான் மாயச் சிறுமியாகிப் பிறருக்கு உதவுவதே தன் ஆசை என்று மாமியிடம் சொல்கிறாள். அந்த ஆசையோடு அன்றே ஒப்பந்தம் செய்திருந்தால் அவளும் இன்னொரு மாமியாகவே முடிந்திருப்பாள்.

வேண்டுதலின் சொல்லமைப்பையும் கவனிக்க வேண்டும். இரணியன் தன் சாவு எப்படியெல்லாம் வரக்கூடாது என்று பட்டியலிட்டு வரம் கேட்டான். பட்டியலில் விட்டுப்போன ஓர் இடுக்கின் வழியாகச் சாவு உள்ளே வந்தது. மடோகாவின் வேண்டுதலில் அப்படி ஓர் இடுக்கு உண்டென்றால் அது அவளேதான், ஏனெனில் அத்தனை சிறுமியரின் துயரத்தையும் வாங்கிக்கொண்ட அவளுடைய கல்லிலிருந்து பிறக்கும் சூனியக்காரி பிரபஞ்சத்தையே விழுங்கக்கூடியவள். தொடர் அதையும் மறக்கவில்லை. எல்லாச் சூனியக்காரிகளும் என்று அவள் கேட்டதில் அவளிடமிருந்து பிறப்பவளும் அடக்கம் என்பதால், அதையும் அவளே அழிக்கிறாள்.

கணக்கு நேராகிறதா என்று கேட்டால், ஆகிறது. புதிய உலகத்தில் துயரம் ஒழிந்துவிடவில்லை. சூனியக்காரிகளுக்குப் பதிலாக வேறு பேயுருக்கள் உலவுகின்றன, மாயச் சிறுமியர் இன்னும் போரிடுகிறார்கள், கியூபே இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மாறியது ஒன்றே ஒன்றுதான்: கல் கறுத்துப்போன சிறுமி சாபமாக மாறாமல் அமைதியாக மறைந்துபோகிறாள். அதற்கு மடோகா கொடுத்த விலை, தான் பிறந்ததற்கான சுவடே இல்லாமல் போவது. இதை எளிதாகக் கிடைத்த முடிவு என்று என்னால் ஏற்க இயலவில்லை.


பழைய ரசிகை எழுதியது:

கணக்குப்பிள்ளையின் கணக்கு சரியாகவே இருக்கிறது. எனக்குச் சிக்கல் அந்தக் கணக்கை எழுதியவர் யாரிடம் வரவு வைக்கிறார், யாரிடம் பற்று வைக்கிறார் என்பதில்தான்.

முதலில் ஒரு பழைய புகாரைத் தீர்த்துவிடுகிறேன். மாயச் சிறுமியர் கதைகள் அதுவரை இனிப்பாகவே இருந்தன, மடோகாதான் அதை உடைத்தது என்று சொல்வது வரலாறு அறியாதவர் பேச்சு. 1966இல் தோயேய் நிறுவனத்தின் ‘சாலி’யில் தொடங்கிய இந்த வகை, 1982இல் வந்த ‘மிங்கி மோமோ’விலேயே தன் நாயகியை லாரியில் அடிபட்டு இறக்கச் செய்திருக்கிறது. 1992இல் தொடங்கிய ‘செய்லர் மூன்’ தன் முதல் பருவத்தின் முடிவில் நான்கு தோழியரையும் ஒருவர்பின் ஒருவராகப் பலிகொடுத்தது. அதைப் பார்த்தவர்கள் சிறு குழந்தைகள். 1997இன் ‘உதேனா’ இளவரசன் என்ற கற்பனையையே பிரித்து மேய்ந்தது. மடோகாவின் இயக்குநர் அகியுகி ஷின்போவே 2004இல் ‘லிரிகல் நானோஹா’வை இயக்கியவர் என்பதால், இந்த வகையின் உள்ளும் புறமும் அவருக்குத் தெரியாததன்று. மரணமும் இழப்பும் இவ்வகைக்கு எப்போதுமே அந்நியமாக இருந்ததில்லை.

வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், அந்தத் தொடர்கள் சிறுமியரைப் பார்த்துப் பேசின. மடோகா நள்ளிரவில் ஒளிபரப்பாகி, பெரியவர்களிடம் சிறுமியரைப் பற்றிப் பேசியது. ‘செய்லர் மூ’னில் தோழியர் மடிந்த பிறகு நாயகிக்கு அவர்களுடைய வலிமை துணை வருகிறது, சண்டை முடிந்ததும் அவள் மீண்டும் பள்ளிக்குப் போகிறாள், தூங்கி வழிகிறாள், வளர்கிறாள். மாய சக்தி என்பது வளர்ந்த பெண்ணாவதற்கான ஒத்திகை. மடோகாவிலோ அந்த ஒத்திகையே பொறியாகிறது, பொறியிலிருந்து தப்பும் ஒரே வழி வளராமலே மறைந்துபோவது என்றாகிறது.

இதை நான் வலிந்து சொல்லவில்லை; தொடரிலேயே இதற்கான எதிர்ச்சாட்சி இருக்கிறது. மடோகாவின் தாய் ஜுன்கோவை நினைத்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறாள், குடிக்கிறாள், சிரிக்கிறாள், வீட்டை அவளுடைய கணவன் பார்த்துக்கொள்கிறான். பிடிவாதமான ஒரு தோழிக்கு எப்படி உதவுவது என்று மகள் கேட்கும்போது, சில நேரங்களில் அவளுக்காகத் தவறான ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கும் என்றும், இளமையில் தவறு செய்யப் பழகிக்கொள், வளர்ந்தபின் அது கடினம் என்றும் அறிவுரை சொல்கிறாள். இந்தத் தொடரில் மகிழ்ச்சியோடு வாழும் வளர்ந்த பெண் அநேகமாக அவள் ஒருத்திதான். மடோகா வளர்ந்தால் யாராக ஆகியிருக்கக்கூடும் என்பதைக் கதை நம் கண்முன் வைக்கிறது; பிறகு அந்த வாழ்க்கையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக அவளுக்குச் சிறகும் ஒளியும் கொடுக்கிறது. பெண் தன்னை அழித்துக்கொண்டால்தான் தெய்வமாவாள் என்ற கதையை நாம் புதிதாகக் கேட்கவில்லை. பிறருக்காக வேண்டிய சயாகாவைப் பேதை என்று ஏழெட்டு அத்தியாயங்கள் இடித்துரைத்த தொடர், அதே தன்னழிப்பை மடோகா செய்யும்போது ஆரத்தி எடுப்பதுதான் என்னால் ஏற்க முடியாத இடம்.


வெண்கொக்கு எழுதியது:

ஆற்றலின் அளவு காலவரிசைதோறும் கூடுவது 10ஆம் அத்தியாயத்திலேயே காட்டப்படுகிறது என்ற குறிப்புக்கு நன்றி. முடிவு திடீரென்று வந்தது என்ற என் குற்றச்சாட்டு அதனால் வலுவிழக்கிறது. ஆனால் பழைய ரசிகை எழுப்பியுள்ள முரண்பாடுதான் சயாகாவைப் பற்றிய என் கேள்வியின் வேர். இருவரும் பிறருக்காகவே வேண்டுகிறார்கள். ஒருத்தி நாசமாகிறாள், மற்றவள் போற்றப்படுகிறாள். இந்த வேறுபாட்டுக்குக் கதையில் காரணம் உண்டா, இல்லை நாயகி என்ற சலுகைதானா?


திரைச்சீலை எழுதியது:

சயாகாவுக்காகத்தான் நான் இந்தத் தொடரைத் திரும்பப் பார்ப்பது வழக்கம் என்பதால் இந்தக் கேள்விக்கு விடையளிக்க முயல்கிறேன். விடை வசனத்தில் இருப்பதைவிடப் படத்தில் இருக்கிறது.

சூனியக்காரிகளின் மாயக்கூடங்களை வடிவமைத்தவர்கள் கெகிதான் இனு கரி என்ற கலைக்குழுவினர். ஊமே ஆவோகி வரைந்த உருண்டை முகச் சிறுமியர் ஒரு பாணி. கத்தரித்து ஒட்டிய துணியும் தாளும் பழைய படங்களுமாக அசையும் அந்தக் கூடங்கள் முற்றிலும் வேறொரு பாணி. இந்த இரண்டும் ஒட்டாமல் நிற்பதை அழகுக்காகச் செய்த விளையாட்டு என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கூடமும் சூனியக்காரியாக மாறிய சிறுமியின் மனம் என்று தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால், அங்கே கிடக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு வாழ்க்கை வரலாற்றின் துண்டாகிறது. நாம் 2ஆம் அத்தியாயத்தில் அரக்கியாகக் கண்டதும், மாமி சுட்டு வீழ்த்தியபோது கைதட்டியதும் யாரோ ஒரு சிறுமியை.

சயாகாவின் கூடம் ஓர் இசையரங்கம். தன்னால் மீண்டும் வயலின் வாசிக்க முடிந்த கியோசுகேயின் இசையை அவள் அங்கே முடிவில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுடைய உருவம் கவசம் பூண்ட ஒரு கடற்கன்னி. நேசித்தவனுக்காகத் தன்னில் ஒரு பகுதியை விற்று, அவன் வேறொருத்தியோடு வாழ்வதைக் கண்டு கரைந்துபோகும் கடற்கன்னியின் கதையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவள் வேண்டியது அவனுடைய கை குணமாக வேண்டும் என்பதை. அவள் விரும்பியதோ அவன் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை. நீ வேண்டுவது அவனுடைய கனவு நிறைவேறுவதையா, இல்லை அதை நிறைவேற்றியவளாக நீ இருப்பதையா என்று மாமி முன்பே அவளை எச்சரித்திருந்தாள். மாமி அந்தக் கேள்வியைச் சற்றுக் கொடுமையாகத்தான் கேட்கிறாள், ஆனாலும் தொடரிலேயே மிகக் கூர்மையான கேள்வி அது.

அதனால் சயாகா நாசமாவது பிறருக்காக வேண்டியதால் அன்று. தன் வேண்டுதலில் தனக்கென்று எதுவுமில்லை என்று அவள் சாதித்ததால். உடல் வெறும் கூடு என்று தெரிந்த பிறகு அவனிடம் மனத்தைத் திறக்கத் தனக்குத் தகுதியில்லை என்று முடிவுசெய்கிறாள். வலியை அணைத்துவிட்டுப் போரிடுகிறாள். கல்லைத் தூய்மைப்படுத்த உதவும் துயர்விதையைக்கூட வேண்டாமென்று மறுக்கிறாள். கூடவே கியோகோவையும் வைத்துப் பாருங்கள். மக்கள் தன் தந்தையின் போதனைக்குச் செவிசாய்க்க வேண்டும் என்று வேண்டியவள் அவள். உண்மை தெரிந்ததும் தந்தை அவளைச் சூனியக்காரி என்று பழித்துக் குடும்பத்தையே கொன்று தானும் மாண்டான். அதன்பின் தனக்காக மட்டுமே வாழ்வது என்று உறுதிபூண்டவள், கடைசியில் சயாகாவைத் தனியே விட மனமில்லாமல் அவளோடு சாகிறாள். தன்னலமா, பிறர்நலமா என்ற எளிய தராசைத் தொடர் எங்கும் பயன்படுத்தவில்லை.

12ஆம் அத்தியாயத்தின் இசையரங்கக் காட்சியில்தான் இதற்கு நேரடி விடை கிடைக்கிறது. தெய்வமாகிவிட்ட மடோகா சயாகாவைக் காப்பாற்றவில்லை. காப்பாற்ற வேண்டுமானால் அவளுடைய வேண்டுதலையே இல்லாமல் செய்ய வேண்டும், அதாவது கியோசுகேயின் கையைப் பழையபடி முடமாக்க வேண்டும். அதை நீ விரும்பமாட்டாய் என்று நினைத்தேன் என்று மடோகா சொல்கிறாள். மேடையில் அவன் வாசிப்பதை இருவரும் அமர்ந்து கேட்கிறார்கள். தான் உண்மையில் விரும்பியது அந்த இசையை மீண்டும் கேட்பதைத்தான் என்று சயாகா அப்போது ஒப்புக்கொள்கிறாள். அவளுடைய குரலில் கொஞ்சம் வருத்தமும் இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. பழைய ரசிகை சொல்வதுபோலத் தொடர் அவளைப் பேதை என்று இடித்துரைத்தது என்றால், இந்தக் காட்சி அவளுடைய வேண்டுதலுக்கு மரியாதை திருப்பித் தருகிறது. பிறருக்காகக் கேட்டது தவறில்லை. அந்த நம்பிக்கை சாபமாக முடிய வேண்டும் என்ற விதிதான் தவறு. மடோகா அந்த விதியை மட்டும் நீக்குகிறாள், ஒருத்தியின் வேண்டுதலையும் தொடவில்லை.

முகப்புப் பாடலைப் பற்றியும் ஒரு சொல். கிளாரிஸ் பாடிய ‘கனெக்ட்’ பாடலை ஒவ்வொரு வாரமும் மடோகாவின் பாடலாகவே கேட்டுவருகிறோம். பாடலின் படத்தில் அவள்தான் மாய உடையில் வருகிறாள், கதையிலோ 10ஆம் அத்தியாயம் வரை அப்படி வருவதே இல்லை. 10ஆம் அத்தியாயத்தின் முடிவில் அதே பாடல் ஒலிக்கும்போதுதான் அது மறக்கவே மாட்டேன் என்று ஹோமுரா கொடுத்த வாக்கு என்று விளங்குகிறது. முடிவு முதல் நாளிலிருந்தே திட்டமிடப்பட்டது என்பதற்கு எனக்கு இந்த ஒன்றே போதும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தால் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, கடைசி இரண்டு அத்தியாயங்கள் ஏப்ரல் பிற்பகுதியில் ஒன்றாக வந்தன. நகரமே புயலுக்கு அஞ்சி ஒரு கூடத்தில் தஞ்சம் புகுந்திருக்கும் 11ஆம் அத்தியாயத்தை அன்று பார்த்தவர்களின் மனநிலையை என்னால் ஊகிக்கத்தான் முடிகிறது.


நடுநிசி எழுதியது:

கியூபேயைப் பற்றி யாரும் விரிவாகப் பேசாததால் சுருக்கமாக. அது தீயவனா, அறமற்ற இயற்கையா என்ற வாதத்தில் பலர் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. உணர்ச்சி புரியாத உயிரி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒன்று, எந்தச் சிறுமியிடம் எப்போது போய் நிற்க வேண்டும் என்பதை மட்டும் தவறாமல் அறிந்திருக்கிறது. விபத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த மாமியிடம் வேண்டுதல் என்னவென்று கேட்டதை ஒப்பந்தம் என்று எப்படி அழைப்பது? 14 வயதுச் சிறுமியரிடம் முழு விவரமும் சொல்லாமல் வாங்கிய ஒப்புதலை, மனிதர்கள் கால்நடை வளர்ப்பதோடு அது ஒப்பிட்டுப் பேசும்போது, அந்த வாதத்துக்கு மடோகாவால் உடனே மறுப்பு சொல்ல முடியாமல் போவதுதான் காட்சியின் வலிமை. அசையாத வாயும் மாறாத முகமுமாக அதை வரைந்தவர்கள் நன்கு யோசித்தே வரைந்திருக்கிறார்கள். புதிய உலகத்தில் அது ஹோமுராவின் தோளில் நட்போடு அமர்ந்திருப்பதைக் கண்டு மனம் இளகுபவர்கள், சூனியக்காரிகள் இருந்த உலகத்தைப் பற்றி அவள் சொன்னதும், அந்த முறை இன்னும் பயனுள்ளதாக இருந்திருக்குமே என்று அது கணக்குப் போடுவதையும் கேட்க வேண்டும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நடுநிசி சொன்ன கடைசி வரியிலிருந்துதான் 2013இல் வெளியான ‘ரெபெல்லியன்’ திரைப்படம் பிறக்கிறது. பழைய ரசிகையின் குறைக்கு உரோபுச்சி தரும் மறுமொழியாகவே அந்தப் படத்தை நான் பார்க்கிறேன். அதில் தன் நினைவுகளை இழந்து சாதாரணச் சிறுமியாக வரும் மடோகா, எல்லோரையும் பிரிந்து தொலைவான ஓரிடத்துக்குப் போவதைத் தன்னால் தாங்கவே முடியாது என்று மலர்வெளியில் ஹோமுராவிடம் சொல்கிறாள். அந்தத் தியாகத்தை அவள் உண்மையில் விரும்பவில்லை என்று அதிலிருந்து முடிவுகட்டும் ஹோமுரா, தெய்வத்திடமிருந்து மனித மடோகாவைப் பிய்த்தெடுத்து அவளுக்குப் பள்ளியையும் பெற்றோரையும் திருப்பிக் கொடுக்கிறாள்; தன்னைச் சாத்தான் என்று அறிவித்துக்கொள்கிறாள். மடோகா இழந்தது வளர்ந்த பெண்ணாகும் வாழ்க்கை என்ற அதே வாதத்தைத்தான் படம் ஹோமுராவின் வாயில் வைக்கிறது. படத்தை வெறுப்பவர்கள் தொடரின் முடிவை அது கெடுத்துவிட்டது என்கிறார்கள். முடிவின்மேல் எழக்கூடிய நியாயமான கேள்வியை அது மறைக்காமல் எழுப்புகிறது என்பது என் கருத்து.


பழைய ரசிகை எழுதியது:

எழுப்புகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலர்வெளியில் மடோகா பேசும்போது தான் முன்பு என்ன முடிவெடுத்தாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. நினைவில்லாத ஒருத்தியின் வாயிலிருந்து வந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு, நினைவோடு அவள் எடுத்த முடிவைத் தோழி புரட்டிப்போடுகிறாள். கியூபே விவரம் சொல்லாமல் ஒப்புதல் வாங்கியதற்கும் இதற்கும் பெரிய தொலைவில்லை. தொடரில் மடோகாவின் வாழ்க்கையைக் கதாசிரியர் எடுத்துக்கொண்டார். படத்தில் அவளுடைய முடிவையும் எடுத்துக்கொண்டார். திரைச்சீலை காட்டிய இசையரங்கக் காட்சியில் சயாகாவிடம் மடோகா கேட்டதைப் போல, உனக்கு எது வேண்டும் என்று எல்லாம் அறிந்த மடோகாவிடம் கேட்கும் ஒரு காட்சி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. அப்படியொன்றை எழுதினால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.